இரு கை ஆயுதமும் எறி ஆயுதமும்: டி அண்ட் டி சண்டையில் கணக்குப் பிசகாமல் ஆடும் முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், தங்கள் கதாபாத்திரத்தைக் கைக்கொரு கத்தியோடுதான் முதலில் மனத்தில் காண்கிறார்கள். அந்த விருப்பத்தில் தவறே இல்லை. ஐந்தாம் பதிப்பின் விதிகள் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கின்றன. ஆனால் இரண்டாவது ஆயுதத்தைப் பற்றிய விதி ஓரிடத்திலும், எறிவதைப் பற்றிய விதி ஆயுதப் பட்டியலுக்கு அருகிலும், உறையிலிருந்து உருவுவது பற்றிய விதி வேறோர் இடத்திலும் இருப்பதால், சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே "இப்போது என் கையில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எழுந்து ஆட்டம் நின்றுவிடுகிறது. இரண்டே கணக்குகளைச் சரியாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு கையிலும் என்ன இருக்கிறது என்பது ஒன்று. சண்டையில் உங்களுக்கு வரும் ஒவ்வொரு முறையிலும் ஆக்ஷனுக்கு மேல் ஒன்றே ஒன்றாகக் கிடைக்கும் போனஸ் ஆக்ஷன் எதற்குச் செலவாகிறது என்பது மற்றொன்று.

கதாபாத்திரத்தை எழுதத் தொடங்கும் முன், உங்கள் மேசையில் எந்தப் புத்தகம் நடைமுறையில் இருக்கிறது என்று ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் (டி.எம்.) கேட்டுவிடுங்கள். 2014இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் 2024இல் வந்த திருத்திய பதிப்பும் பெரும்பாலான விதிகளில் ஒத்துப்போனாலும், இந்த வழிகாட்டியின் பொருளில் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடுகின்றன. இரண்டையும் கலந்து ஆடும் மேசைகளில் வரும் தகராறுகளில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இரண்டாவது தாக்குதல் எப்போது கிடைக்கும்

2014 விதியின்படி, உங்கள் முறையில் அட்டாக் ஆக்ஷனை எடுத்து, ஒரு கையில் பிடித்திருக்கும் லைட் பண்புள்ள கைகலப்பு ஆயுதத்தால் தாக்கினால், மறு கையில் பிடித்திருக்கும் வேறொரு லைட் கைகலப்பு ஆயுதத்தால் போனஸ் ஆக்ஷனாக இன்னொரு முறை தாக்கலாம். அந்த இரண்டாவது தாக்குதல் இலக்கில் படுகிறதா என்று பார்க்க 20 முகப் பகடையை உருட்டும்போது எந்தக் கழிவும் கிடையாது. வலிமை அல்லது லாகவத்தின் மதிப்புக்கு ஏற்ப வரும் கூட்டல் அல்லது கழித்தல் எண்ணான மாடிஃபையரையும், ஆயுதப் பயிற்சிக்கான புரொஃபிஷியன்சி போனஸையும் வழக்கம்போல் கூட்டிக்கொள்ளலாம். சேதத்தைக் கணக்கிடும்போது மட்டும் மாடிஃபையரைச் சேர்க்கக் கூடாது. அந்த மாடிஃபையர் கழித்தல் எண்ணாக இருந்தால் அதை விட்டுவிடவும் முடியாது, சேதத்திலிருந்து கழித்தே ஆக வேண்டும்.

கழிவு உண்டு என்ற எண்ணம் பழைய ஆட்டக்காரர்களிடம் இன்னும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2003இல் வந்த 3.5 பதிப்பில், பயிற்சியில்லாமல் இரண்டு ஆயுதங்களோடு தாக்குகிறவருக்கு முதல் கையில் 6, இரண்டாம் கையில் 10 என்று பகடையில் கழித்தார்கள். இரண்டாம் கையில் லேசான ஆயுதம் பிடித்து, உரிய ஃபீட்டையும் (கதாபாத்திரம் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமை) எடுத்திருந்தால் அது இரண்டு கைக்கும் 2 ஆகக் குறைந்தது. ஐந்தாம் பதிப்பு இந்தக் கழிவுகளை முழுவதும் நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகப் போனஸ் ஆக்ஷனையும் சேதத்தில் மாடிஃபையரையும் விலையாகக் கேட்கிறது. பழைய பழக்கத்தில் யாராவது உங்கள் பகடையிலிருந்து எண்ணைக் கழிக்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடலாம்.

லைட் பண்புள்ள கைகலப்பு ஆயுதங்கள் ஏழுதான்: குத்துவாள், கைக்கோடரி, சிறு சுத்தியல், அரிவாள், தடி, குறுவாள், வளைவாள். நீள்வாளும் ரேப்பியரும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2014 புத்தகத்தில் டூயல் வீல்டர் என்ற ஃபீட் எடுத்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ஒற்றைக் கையில் பிடிக்கும் எந்தக் கைகலப்பு ஆயுதத்தையும் இரண்டு கைகளிலும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்திருக்கும்போது, உங்களைத் தாக்க எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸும் ஒன்று கூடும். கேடயம் ஆயுதமாகாது என்பதால் அதைப் பிடித்திருக்கும் கையால் இந்தப் போனஸ் தாக்குதலைச் செய்ய முடியாது.

இன்னும் மூன்று இடங்களில் இந்த விதி வேலை செய்யாது. உங்கள் ஆக்ஷனில் மந்திரம் ஓதினால் அது அட்டாக் ஆக்ஷன் ஆகாது என்பதால் இரண்டாவது தாக்குதல் கிடையாது. எதிரி உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும்போது கிடைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் உங்கள் ரியாக்ஷனில், அதாவது எதிர்வினையாக, நடப்பது, அங்கும் கிடையாது. ஐந்தாம் லெவலில் ஃபைட்டர், ரேஞ்சர் போன்ற கிளாஸ்களுக்கு (கதாபாத்திர வகைகள்) எக்ஸ்ட்ரா அட்டாக் வரும்போது முதல் கையின் தாக்குதல் இரண்டாகுமே தவிர, மறு கைக்கு ஒன்றுதான். ஆக மொத்தம் மூன்று, நான்கு அல்ல.

2024இல் மாறியவை

திருத்திய பதிப்பில் இந்த விதி தனியாக இல்லாமல் லைட் பண்பின் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிட்டது. லைட் ஆயுதத்தால் அட்டாக் ஆக்ஷனில் தாக்கினால், அதே முறையில் பின்னர் வேறொரு லைட் ஆயுதத்தால் போனஸ் ஆக்ஷனாக ஒரு கூடுதல் தாக்குதல் செய்யலாம். மறு கையில் பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆயுதம் வேறாக இருந்தால் போதும். "வேறு ஆயுதம்" என்றால் வேறு வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு குத்துவாள்கள் இரண்டு ஆயுதங்களே.

இதைவிடப் பெரிய மாற்றம் வெப்பன் மாஸ்டரி. ஃபைட்டர், ரோக், ரேஞ்சர், பார்பேரியன், பாலடின் ஆகியோர் முதல் லெவலிலேயே சில வகை ஆயுதங்களில் இந்தத் தேர்ச்சியைப் பெறுகிறார்கள். நமக்கு முக்கியமானது நிக் என்ற தேர்ச்சி. குத்துவாள், சிறு சுத்தியல், அரிவாள், வளைவாள் ஆகிய நான்கிலும் அது இருக்கிறது. நிக் இருந்தால் அந்தக் கூடுதல் தாக்குதலைப் போனஸ் ஆக்ஷனுக்குப் பதிலாக அட்டாக் ஆக்ஷனின் பகுதியாகவே செய்துவிடலாம். ஒரு முறைக்கு ஒரு தடவைதான் என்றாலும், போனஸ் ஆக்ஷன் உங்கள் கையில் மிஞ்சுகிறது. இந்த ஒற்றை மாற்றம் இரு கைச் சண்டையின் மிகப் பெரிய குறையைப் போக்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. நிக் ஆயுதம் முதல் தாக்குதலுக்கா, கூடுதல் தாக்குதலுக்கா என்ற விவாதம் சில மேசைகளில் வருவதுண்டு. கூடுதல் தாக்குதலை எப்போதும் நிக் உள்ள ஆயுதத்தாலேயே செய்யுங்கள். அப்போது எவரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

குறுவாளுக்கும் கைக்கோடரிக்கும் உள்ள தேர்ச்சி வெக்ஸ். அதனால் ஓர் எதிரியைத் தாக்கிச் சேதம் விளைவித்தால், அதே எதிரியின் மீது நீங்கள் செய்யும் அடுத்த தாக்குதலுக்கு அட்வாண்டேஜ் கிடைக்கும். அதாவது இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் குறுவாள், பிறகு வளைவாள் என்ற வரிசை இதனால்தான் சிறப்பாக அமைகிறது: முதல் தாக்குதல் பட்டால் இரண்டாவதற்கு அட்வாண்டேஜ், இரண்டாவது போனஸ் ஆக்ஷனையும் தின்பதில்லை. வரிசையை மாற்றிவிட்டால் இந்தப் பயன் அந்த முறையிலேயே கிடைக்காது.

எண்கள் சொல்வது

இரு கைச் சண்டை எப்போது லாபம் என்பதை ஊகத்தில் விடாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2014 விதியில், வலிமை 16 உள்ள முதல் லெவல் ஃபைட்டர் ஒருவர் டூ வெப்பன் ஃபைட்டிங் என்ற ஸ்டைலோடு (சண்டைப் பாணி) இரண்டு குறுவாள்களை ஏந்தினால், அந்த ஸ்டைல் இரண்டாவது தாக்குதலின் சேதத்திலும் மாடிஃபையரைச் சேர்க்கவிடுவதால், இரண்டும் படும்போது சராசரிச் சேதம் 13. அதே ஃபைட்டர் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலோடு பெருவாளைப் பிடித்தால் சராசரி 11.33. ஆரம்பத்தில் இரண்டு வாள்களே மேல். ஐந்தாம் லெவலில், வலிமை 18 ஆன பிறகு, பெருவாளுக்கு 24.67, இரு வாள்களுக்கு 22.5, பதினோராம் லெவலில், வலிமை 20 ஆனதும், பெருவாளுக்கு 40, இரு வாள்களுக்கு 34. முதல் கையின் தாக்குதல்கள் பெருகிக்கொண்டே போக, இரண்டாவது கைக்கு ஒன்றே ஒன்று என்று நின்றுவிடுவதுதான் இந்தச் சரிவுக்குக் காரணம்.

2024 விதியில் இந்த இடைவெளி அடைபடுகிறது. புதிய டூயல் வீல்டர் ஃபீட், லைட் ஆயுதத்தால் தாக்கியவருக்குப் போனஸ் ஆக்ஷனில் இன்னொரு தாக்குதலைக் கொடுக்கிறது. நிக் தரும் தாக்குதலோடு இதுவும் சேரும்போது, ஐந்தாம் லெவல் ஃபைட்டர் ஒரே முறையில் நான்கு தடவை வாள் வீசலாம். குறுவாளும் வளைவாளும் தலா 1டி6, அதாவது ஓர் ஆறு முகப் பகடை, என்பதால், டூ வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலும் இருந்து மாடிஃபையர் 4 என்று கொண்டால், அனைத்தும் படும்போது சராசரி 30. பெருவாள்காரரும் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலோடு கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டை எடுத்திருந்தால் அவருக்கும் 30தான் வரும். சேதம் சமமானாலும் தன்மை வேறு. நான்கு சிறு தாக்குதல்களைப் பல எதிரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்; பகடை ஒருமுறை ஏமாற்றினால் முழு முறையும் வீணாகிவிடாது.

எறிவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

த்ரோன் பண்புள்ள ஆயுதத்தை எறிந்தால் அது தொலைவுத் தாக்குதல் ஆகிறது. ஆனால் கைகலப்பில் எந்தத் திறனைப் பயன்படுத்துவீர்களோ அதையேதான் எறியும்போதும் பயன்படுத்த வேண்டும். கைக்கோடரி, எறியீட்டி, ஈட்டி, சூலம், சிறு சுத்தியல் ஆகியவற்றை எறிய வலிமை வேண்டும். தொலைவுத் தாக்குதல் என்றாலே லாகவம் என்று எண்ணிக்கொண்டு, வலிமை 8 உள்ள ரோக் கைக்கோடரியை எறிந்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. குத்துவாளுக்கு ஃபினெஸ் பண்பு இருப்பதால் வலிமை, லாகவம் இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்ளலாம். டார்ட்டுக்கும் அப்படியே.

ஆயுதப் பட்டியலில் எறிதூரம் இரண்டு எண்களாகக் கொடுக்கப்பட்டிருக்கும். குத்துவாள், கைக்கோடரி, சிறு சுத்தியல், ஈட்டி, டார்ட் எல்லாம் 20/60. எறியீட்டி மட்டும் 30/120. முதல் எண் வரையான அடிகளுக்குள் இயல்பாக எறியலாம். அதைத் தாண்டினால் டிஸ்அட்வாண்டேஜ், அதாவது இரண்டு பகடையில் சிறியதுதான் செல்லும். இரண்டாவது எண்ணைத் தாண்டி எறியவே முடியாது. 5 அடிக் கட்டங்களில் ஆடும் மேசையில் 20 அடி என்பது நான்கு கட்டங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள். வில்லாளியைப் போலப் பின்னால் நிற்கும் இடமல்ல இது. எதிரி தன் ஒரு நகர்விலேயே உங்களை அடைந்துவிடும் தூரம்.

உங்களைப் பார்க்கக்கூடிய எதிரி 5 அடிக்குள் நின்றால், எங்கே எறிந்தாலும் டிஸ்அட்வாண்டேஜ். அந்த எதிரியையே தாக்குவதானால் எறியாமல் குத்திவிடுங்கள். குத்துவாளின் அருமையே அதுதான். கீழே விழுந்து கிடக்கும் எதிரியின் மீது 5 அடிக்கு அப்பாலிருந்து தாக்கினாலும் டிஸ்அட்வாண்டேஜ் உண்டு. 2024இல் சூலத்துக்கு டாப்பிள் தேர்ச்சி இருப்பதால், தூரத்திலிருந்து சூலத்தை எறிந்து எதிரியை வீழ்த்துவது அழகான உத்தியாகத் தோன்றும். ஆனால் அடுத்து வரப்போகிறவர் உங்கள் குழுவின் வில்லாளி என்றால் அவருடைய வேலையை நீங்களே கெடுத்தவராவீர்கள். உங்களுக்கும் இலக்குக்கும் நடுவில் தோழர் ஒருவர் நின்றால், அவர் இலக்குக்குப் பாதி மறைப்பாக அமைந்து அதன் ஆர்மர் கிளாஸை 2 கூட்டுவார் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

த்ரோன் பண்பு இல்லாத ஆயுதத்தையும் எறியலாம். அப்போது அது கைக்குக் கிடைத்த பொருளை எறிந்ததாகக் கணக்காகி, நீள்வாளே ஆனாலும் 1டி4 சேதம்தான் தரும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீட்டுகளையும் ஸ்டைல்களையும் படிக்கும்போது "தொலைவு ஆயுதம்" என்கிறதா, "தொலைவுத் தாக்குதல்" என்கிறதா என்று பார்ப்பது மிக அவசியம். ஆர்ச்சரி ஸ்டைல் தரும் கூடுதல் 2, தொலைவு ஆயுதங்களுக்கு மட்டும் உரியது. பட்டியலில் டார்ட் தொலைவு ஆயுதம் என்பதால் அதற்குக் கிடைக்கும். எறியப்பட்டாலும் குத்துவாள் கைகலப்பு ஆயுதமே என்பதால் அதற்குக் கிடைக்காது. எறிகிறவருக்கு ஏற்ற ஸ்டைல், 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் உள்ள த்ரோன் வெப்பன் ஃபைட்டிங். எறிந்து படும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அது சேதத்தில் 2 கூட்டுகிறது. ஆயுதத்தை உருவுவதையும் அந்தத் தாக்குதலுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது.

உருவுவதுதான் உண்மையான தடை

2014 விதியில் ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டுமே செலவின்றிக் கையாளலாம். இரண்டு கத்திகளும் உறையில் இருக்கும்போது சண்டை மூண்டால், முதல் முறையில் ஒன்றைத்தான் உருவ முடியும்; மறு கை வெறுமையாக இருப்பதால் போனஸ் தாக்குதல் கிடையாது. எறிகிறவருக்கு இந்த நெருக்கடி இன்னும் கடுமை. இரண்டு கைகளிலும் குத்துவாளோடு தொடங்கும் ஐந்தாம் லெவல் ஃபைட்டர், வலது கையில் இருப்பதை எறிந்து, இன்னொன்றை உருவி எறிந்து, இடது கையில் இருப்பதைப் போனஸ் ஆக்ஷனில் எறிந்து, முதல் சுற்றில் மூன்று தாக்குதல்களையும் செய்துவிடுவார். அடுத்த சுற்றில் இரண்டு கைகளும் காலி. உருவ முடிவது ஒன்றுதான். ஆகவே எறிய முடிவதும் ஒன்றுதான். டூயல் வீல்டர் ஃபீட் ஒன்றுக்குப் பதில் இரண்டை உருவவிடும் என்பதால் ஓரளவு உதவும். மேலே சொன்ன எறிதல் ஸ்டைல் இதற்குச் சரியான மருந்து. ஆனால் 2014இல் போனஸ் தாக்குதலுக்கான ஆயுதம் மறு கையில் "பிடித்திருப்பதாக" இருக்க வேண்டும் என்பதால், அதை அந்த நொடியில் உருவி எறியலாமா என்பதை டி.எம். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

2024இல் இந்தத் தலைவலி இல்லை. எறியும் ஆயுதத்தை அந்தத் தாக்குதலின் பகுதியாகவே உருவலாம் என்று த்ரோன் பண்பே சொல்கிறது. மற்ற ஆயுதங்களுக்கும், அட்டாக் ஆக்ஷனின் ஒவ்வொரு தாக்குதலோடும் ஒன்றை எடுக்கவோ வைக்கவோ செய்யலாம். ஒரு கையில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுத்தடுத்து இரண்டு குத்துவாள்களை உருவி எறிவதும் எழுதியிருக்கும் விதிப்படி செல்லும். சில டி.எம்.களுக்கு இது உறுத்தும். அவர் வேண்டாம் என்றால் அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

எந்தக் கிளாஸுக்குப் பொருந்தும்

ரோக்குக்குத்தான் இது எல்லாரையும்விட அதிகமாகப் பொருந்துகிறது. காரணம் ஸ்னீக் அட்டாக். ஒரு முறைக்கு ஒரு தடவை கிடைக்கும் அந்தக் கூடுதல் சேதத்துக்கு ஏதாவது ஒரு தாக்குதல் பட்டால் போதும். ஒரு சிறு காட்சியைப் பார்ப்போம். முதல் லெவல் ரோக் ஒருவர், லாகவம் 16, இரண்டு கைகளிலும் குத்துவாள். இருபது அடி தூரத்தில் ஒரு கோப்ளின். 2014 புத்தகப்படி அதன் ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் (விழும் வரை தாங்கும் சேதம்) 7. அதன் பக்கத்திலேயே குழுவின் ஃபைட்டர் நின்று போரிடுவதால் ஸ்னீக் அட்டாக்குக்கு நிபந்தனை நிறைவேறிவிட்டது. ரோக் வலது கைக் கத்தியை எறிகிறார், பகடையில் 8, அதோடு 5 கூட்டினால் 13, தவறிவிட்டது. போனஸ் ஆக்ஷனில் இடது கைக் கத்தி, பகடையில் 12, கூட்டினால் 17, பட்டுவிட்டது. கத்திக்கு உருட்டிய 1டி4இல் 3, ஸ்னீக் அட்டாக்கின் 1டி6இல் 5, மாடிஃபையர் கிடையாது, மொத்தம் 8. கோப்ளின் விழுகிறது. ஒரு கத்தி மட்டும் என்றால் 55 சதவீதம் இருந்த வாய்ப்பு, இரண்டு கத்திகளால் ஏறத்தாழ 80 சதவீதம் ஆகிறது. மாடிஃபையர் இல்லாத குறை ரோக்குக்குப் பெரிதாகத் தெரிவதே இல்லை. இரண்டாம் லெவலில், போனஸ் ஆக்ஷனிலேயே பதுங்கவிடும் கன்னிங் ஆக்ஷன் வந்த பிறகும், 2014இல் அந்தப் போனஸ் ஆக்ஷன் போய்விட்டதால் அவர் பதுங்க முடியாது. 2024இல் அதே லெவலில், குத்துவாளில் மாஸ்டரி எடுத்திருந்தால் இரண்டையும் எறிந்துவிட்டு, மறைவிடம் இருக்கும் பட்சத்தில் பதுங்கவும் முயலலாம். கைக்கோடரிக்கு ஃபினெஸ் இல்லாததால் அதை எறிந்து ஸ்னீக் அட்டாக் பெற முடியாது.

ரேஞ்சருக்கு ஹண்டர்ஸ் மார்க் ஒவ்வொரு தாக்குதலுக்கும் 1டி6 கூட்டுவதால், தாக்குதல்களின் எண்ணிக்கை கூடக் கூட லாபம். ஆனால் அந்த மந்திரத்தை வைக்கவும், இலக்கு விழுந்த பிறகு வேறொன்றுக்கு மாற்றவும் போனஸ் ஆக்ஷன் வேண்டும். 2014இல் அந்த முறைகளில் மறு கைத் தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பார்பேரியனுக்கு இரண்டு பதிப்புகளுக்கும் முக்கியமான வேறுபாடு இருக்கிறது. 2014இல், அவருடைய ஆவேச நிலையான ரேஜ் தரும் கூடுதல் சேதம் கைகலப்புத் தாக்குதலுக்கு மட்டுமே. 2024இல் வலிமையால் செய்யும் எந்த ஆயுதத் தாக்குதலுக்கும் அது உண்டு என்பதால், எறியீட்டிக்கும் கைக்கோடரிக்கும் கிடைக்கிறது. பறக்கும் எதிரிக்கு எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற பார்பேரியன்களுக்கு இது பெரிய ஆறுதல். எறியீட்டி ஒன்றின் விலை ஐந்து வெள்ளிக் காசுதான்; நான்கைந்தை முதுகில் கட்டிக்கொள்ளாத பார்பேரியன் இருக்கவே கூடாது என்பேன்.

மேசையில் வைத்துக்கொள்ள ஒரு பழக்கம்

கதாபாத்திரத் தாளின் ஓரத்தில் வலது கை, இடது கை, இடுப்பில் இருப்பவை, எறியப்பட்டவை என்று நான்கு பகுதிகளை வரைந்து, உங்கள் முறை முடியும்போதெல்லாம் பென்சிலால் திருத்திவிடுங்கள். குத்துவாளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளையோ பொத்தான்களையோ நகர்த்தினாலும் சரி. எறிந்த ஆயுதம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். சண்டைக்குப் பிறகு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்ளலாமா, பள்ளத்தில் விழுந்ததும் நீரில் விழுந்ததும் போனதுதானா என்பதை முதல் நாளிலேயே டி.எம்.மோடு பேசிக்கொள்ளுங்கள். ஒரு குத்துவாள் ஒரு பவுண்டு எடை, விலை இரண்டு பொற்காசு. எறிவதை நம்பியிருக்கும் கதாபாத்திரம் குறைந்தது ஆறு குத்துவாள்கள் வைத்திருக்க வேண்டும்.

மாய ஆயுதம் கிடைக்கும்போதுதான் எறிகிறவருக்கு உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அருமையாகக் கிடைத்த ஒரே ஒரு +1 குத்துவாளை எறிந்துவிட்டால் அடுத்த சுற்றில் சாதாரணக் கத்தியோடு நிற்க வேண்டும். உங்கள் குழுவில் பொருள்களுக்கு மாயம் ஏற்றும் கிளாஸான ஆர்டிஃபிசர் ஒருவர் இருந்தால், டாஷாஸ் கால்ட்ரன் புத்தகத்தின் ரிட்டர்னிங் வெப்பன் என்ற இன்ஃப்யூஷனை (மாயமேற்றல்) கேட்டு வாங்குங்கள். தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்று கூட்டுவதோடு, எறிந்த உடனேயே ஆயுதம் கைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய அதே ஆயுதத்தை எக்ஸ்ட்ரா அட்டாக்குக்கு மீண்டும் எறியலாம். இரண்டாம் கைக்கான போனஸ் தாக்குதலுக்கு மட்டும் அது உதவாது. இரண்டு பதிப்புகளுமே அங்கே வேறோர் ஆயுதத்தைக் கேட்கின்றன. ஆகவே மறு கையில் சாதாரணக் குத்துவாள் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.